மூச்சைக் கவனிக்கச் சொல்வதற்கு முன்

(சித்தூரில் நடந்த நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியையும் கவுன்சிலிங் படித்தவருமான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

வெளியூர்களிலிருந்து வந்திருப்பவர்களுக்காக முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் கிராமத்தை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். மேப்பில் பார்த்தால் சித்தூர்ப்புழை, கண்ணாடிப்புழை என்றுதான் இருக்கும். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தில் இங்கே வந்து குருமடம் அமைத்தார், ஆற்றங்கரையில் நம்மவர்களுக்கு அக்ரஹாரம் ஏற்படுத்தினார், ஆற்றுக்கும் அவர்தான் இந்தப் பெயரை வைத்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நான் கவுன்சிலிங் ஆரம்பிக்கிறேன் என்றதும் ஒரு மாமா கேட்டார்: "சோகத்தை நாசம் பண்ற ஆறே வாசல்ல ஓடறது. பின்னே உங்க கவுன்சிலிங் என்னத்துக்காக்கும்?" கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றிப் போகிற மாதங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டாமா மாமா என்று பதில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே குழுவில் சேர்ந்தார்.

இன்னொரு மாமாவின் கதை வேறு. கவுன்சிலர் என்று கேள்விப்பட்டு, நான் முனிசிபாலிட்டி கவுன்சிலர் ஆகிவிட்டேன் என்று நினைத்து, தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்ல வந்தார். அவரும் இப்போது குழுவில் இருக்கிறார். தெருவிளக்கு விஷயத்தில் மட்டும் என்னால் உதவி செய்ய முடியவில்லை.

குழுவாக உட்கார்ந்து பேசும் ஆலோசனைக் கூட்டத்தில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை எப்படி நடத்துவது என்று பேசச் சொன்னார்கள். சென்னை, மும்பை, பெங்களூர் என்று பல ஊர்களிலும் நம் உறுப்பினர்கள் முதியோருக்காக இப்படிச் சின்னச் சின்னக் கூட்டங்கள் தொடங்க விரும்புகிறார்களாம். அவர்களுக்குப் பிரயோஜனப்படட்டும் என்று, நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதில் வருகிறவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பதினோரு பேரும் நான்கு உத்தரவுகளும்

மாதம் இரண்டு சனிக்கிழமை, சாயங்காலம் 4 மணிக்குக் கூடுகிறோம். பதினோரு பேர். மனைவியை இழந்தவர் ஒருவர். மறதி நோய் வந்த கணவரைப் பார்த்துக்கொள்ளும் மாமி ஒருவர். படுத்த படுக்கையாய் இருக்கும் தாயாரைக் கவனிக்கும், கல்யாணம் ஆகாத ஒரு பெண். அவளுக்கே ஐம்பது நெருங்குகிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு பேராகவோ ஒற்றையாகவோ இருப்பவர்கள் மீதிப் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயது கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர் என்றால், கேரளத்தில் 12.6 பேர். நம் கிராமத் தெருவில் சாயங்காலம் விளக்கு வைக்கும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், இங்கே அதைவிடக் கூடுதல் என்று கணக்கெடுக்காமலே தெரியும்.

முதல் கூட்டம். படித்து முடித்த உற்சாகம் எனக்கு. முப்பது வருஷம் வகுப்பு எடுத்த வாய் வேறு. எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் சொன்னேன்:

"எல்லோரும் கண்ணை மூடிக்கோங்கோ. முதுகு நேரா இருக்கட்டும். மூச்சை மட்டும் கவனியுங்கோ. வேற எதையும் நினைக்கப்படாது."

நான்கு வாக்கியம், நான்கு உத்தரவு. நான்கும் தப்பு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மாமியின் கை கழுத்துக்குப் போயிற்று. மூச்சு வேகமாயிற்று. கண்ணைத் திறந்து, யாரையும் பார்க்காமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். நான் என்ன செய்தேன்? "பரவாயில்லை, பழகப் பழகச் சரியாகிடும், நீங்க கண்ணைத் திறக்க வேண்டாம்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து நடத்தினேன். பத்து நிமிஷம் என்று எழுதி வைத்திருந்தேன், பத்து நிமிஷத்தையும் முடித்தேன். முடிந்ததும், "எல்லோருக்கும் மனசு அமைதியா இருந்ததா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். டீச்சர் கேட்டால் வகுப்பு தலையாட்டாமல் வேறென்ன செய்யும்?

அன்று விளக்கு வைத்த பிறகு அந்த மாமியின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்ன வார்த்தை:

"நீங்க மூச்சைக் கவனிங்கோன்னேள். நேக்கு அவரோட மூச்சுதான் கேட்டது."

அவருடைய கணவர் 2021-ஆம் வருஷம் கொரோனாவின் இரண்டாவது அலையில் காலமானவர். ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தின இரண்டு ராத்திரியும் இந்த மாமி பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரில் எண் இறங்க இறங்க எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டதுதான், அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

அந்த மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். திரவ ஆக்ஸிஜன் ஏற்றிய டாங்கர் லாரிகள் நம் பாலக்காடு ஜில்லாவிலேயே, கஞ்சிக்கோட்டிலிருந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. தேசம் முழுவதும் மூச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மாதம் அது. அந்த மாதத்தைக் கடந்து வந்த ஒருவரிடம் போய், வேறெதையும் நினைக்காதே, மூச்சை மட்டும் பார் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு மூச்சு என்பது நிழல் தரும் இடம். சிலருக்கு அதுவே நெருப்பு எரிந்த இடம். மூச்சுத்திணறல், ஆஸ்துமா உள்ளவர்கள், தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவர்கள், நெருங்கியவரின் கடைசி மூச்சைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. முதியோர் குழுவில் இப்படிப்பட்டவர் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும்.

குழு எதற்காக

நிற்க. இந்தக் குழுமுறை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். 1905-ஆம் வருஷம் அமெரிக்காவில், பாஸ்டன் நகரில், ஜோசப் பிராட் என்ற டாக்டர் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாகக் கூட்டினார். நோயை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுக்கத்தான் கூட்டினார். ஆனால் ஒருவர் கதையை ஒருவர் கேட்பதிலேயே அவர்களுக்குத் தெம்பு வருவதைக் கண்டார். குழுவாக ஆலோசனை தரும் முறைக்கு அதைத்தான் தொடக்கம் என்கிறார்கள். நுரையீரல் நோயாளிகளிடம் பிறந்த முறை இது என்பது எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும்.

நம் தேசத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்க வைத்தார். இடம் போதாமல் வளாகத்திலேயே கூடாரம் போட்டார்கள். குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. பிறகு வேலூர் சி.எம்.சி.யிலும் குடும்பத்தார் உடன் தங்கும் முறை வந்து நிலைத்தது.

இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970-இல் குழு சிகிச்சை பற்றி எழுதிய புத்தகம் இன்றும் பாடப்புத்தகமாக இருக்கிறது. குழு ஏன் பலன் தருகிறது என்பதற்கு அவர் பல காரணங்கள் சொல்கிறார். அவற்றில் ஒன்று, நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் உடைவது. நம் கிராமத்தில் இதற்கு ரொம்பத் தேவை இருக்கிறது. இங்கே பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். ஒருத்தர் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஆனால் மனசில் இருப்பது மட்டும் அந்தச் சுவரைத் தாண்டாது. "சௌக்கியமா?" "சௌக்கியம்" என்பதோடு முடிந்துவிடும்.

ஆகவே கூட்டத்தின் நோக்கம் பேச்சு. மூச்சுப் பயிற்சி அதற்கு வாசல்படி மாதிரி. அரக்கப்பரக்க ஓடிவந்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று காலை அலம்பிக்கொண்டு உள்ளே வருவதற்கு. வாசல்படியிலேயே ஒருவரை இடறி விழ வைத்தால் உள்ளே என்ன விருந்து வைத்து என்ன பயன்?

பிராணாயாமம் இருக்கும்போது இது எதற்கு

இந்தக் கேள்வி நம் சபைகளில் கட்டாயம் வரும். எழுபத்தெட்டு வயது மாமா ஒருவர் கேட்டார்: "அறுபத்தஞ்சு வருஷமா சந்தியாவந்தனம் பண்றேன். மூணு வேளையும் பிராணாயாமம் உண்டாக்கும். என்கிட்டேயா மூச்சைப் பத்திச் சொல்ல வந்தேள்?"

நியாயமான கேள்விதான். வித்தியாசம் இதுதான்: பிராணாயாமத்தில் மூச்சை நாம் நடத்துகிறோம். உள்ளே இழுக்கும் பூரகம், நிறுத்தும் கும்பகம், வெளியே விடும் ரேசகம் என்று கணக்கு உண்டு, மந்திரம் உண்டு, குருமுகமாய் வந்த விதி உண்டு. இந்தப் பயிற்சியில் மூச்சை நாம் ஒன்றும் செய்வதில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்க்கிற மாதிரி, வருவதையும் போவதையும் பார்க்கிறோம். வேகமாய்ப் போகிறவரை நிறுத்துவதில்லை, மெதுவாய்ப் போகிறவரைத் துரத்துவதில்லை. பௌத்தர்கள் ஆனாபானம் என்று நெடுங்காலமாகச் செய்துவருவது இதுவே. 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலி உள்ள நோயாளிகளுக்கு, மத அடையாளம் எதுவும் இல்லாமல் ஒரு பாடமாக இதை அமைத்தார். அதன் பிறகே ஆஸ்பத்திரிகளிலும் கவுன்சிலிங்கிலும் இது பரவியது.

ஜபத்தின் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். 2001-இல் இத்தாலியில் ஆரோக்கியமான 23 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஜபமாலைப் பிரார்த்தனையை லத்தீனில் சொல்லும்போதும், ஒரு யோக மந்திரத்தைச் சொல்லும்போதும், மூச்சு தானாகவே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6 என்று குறைந்தது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று இசைந்து நடப்பதும் மேம்பட்டது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியாகியிருக்கிறது. ஆகையால் நிதானமாகச் செய்யும் ஜபத்துக்கும் ஸ்தோத்திரத்துக்கும் உடம்பில் ஒரு வேலை உண்டு. அது எல்லா வியாதியையும் தீர்க்கும் என்று மட்டும் தயவுசெய்து யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

ஆனால் குழுவில் கும்பகம் வேண்டாம். இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கலந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் மூச்சை நிறுத்தச் சொல்லக்கூடாது. "நன்னா ஆழமா இழுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் வேண்டாம். மூச்சை அதிகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் கூடும். பிராணாயாமத்தில் எது யாருக்கு என்பதை ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். யோகாசாரியர் கிருஷ்ணமாசாரியாரின் புதல்வர் தேசிகாசார் 1976-இல் சென்னையில் நிறுவிய யோக மந்திரமும், அவரவர் உடம்புக்கும் வயதுக்கும் ஏற்றபடி பயிற்சி என்பதைத்தான் வற்புறுத்தி வந்திருக்கிறது.

கேள்வி கேட்ட மாமா மூன்று கூட்டம் கழித்து என்னிடம் வந்து சொன்னது: "இத்தனை வருஷம் மூக்கைப் பிடிச்சேனே தவிர மூச்சைப் பார்க்கலை, கேட்டேளா. காப்பி ஆறிடுமேன்னுதான் ஞாபகம்." இப்போது சந்தியாவந்தனம் முன்னைவிட நிதானமாக நடக்கிறதாம். காப்பிதான் ஆறிவிடுகிறது என்று அவர் ஆத்து மாமிக்குக் குறை.

இப்போது எப்படி நடத்துகிறேன்

அந்த நான்கு உத்தரவுகளையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டேன்.

முதல் தப்பு "எல்லோரும்" என்றது. இப்போது ஆரம்பத்திலேயே, என்ன செய்யப் போகிறோம், எத்தனை நிமிஷம், எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். "பிடிச்சா சேர்ந்துக்கலாம், இல்லைன்னா சும்மா உட்கார்ந்திருக்கலாம், நடுவில எழுந்து போகணும்னா போகலாம், யாரும் ஏன்னு கேட்க மாட்டோம்" என்கிறேன். வெறும் வாயுபசாரமாக இருந்தால் போதாது. நிஜமாகவே எழுந்து போக வழி இருக்க வேண்டும். அதனால் கதவைச் சாத்துவதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாக வைக்கிறேன். உடன் நடத்தும் இன்னொருவர் இருந்தால் ரொம்ப நல்லது. யாராவது எழுந்து போனால் அவர் பின்னாலேயே போய்த் துணையாக நிற்கலாம்.

இரண்டாவது தப்பு கண்ணை மூடச் சொன்னது. சிலருக்குக் கண்ணை மூடினால் பயம். காது மந்தமானவர்களுக்குக் கண்ணையும் மூடினால் ஒன்றுமே தெரியாது. எப்போது முடிந்தது என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். "கண்ணை மூடினாலும் சரி, தரையில ஒரு இடத்தைப் பார்த்துண்டு இருந்தாலும் சரி" என்கிறேன். நான் மூடுவதில்லை. நடத்துகிறவர் கண் திறந்திருக்க வேண்டும். யார் முகம் வாடுகிறது, யார் கை நடுங்குகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. முதுகு விஷயமும் அப்படியே. சாய்ந்துகொள்ளலாம். மூட்டுவலிக்காரர்களைத் தரையில் உட்காரச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது தப்பு "மூச்சை மட்டும்" என்றது. இப்போது மூன்று இடம் சொல்கிறேன். உள்ளங்கால் தரையில் படுவது. கை மடியில் இருப்பது. மூச்சு வந்து போவது. "இதுல எது சௌகரியமோ அங்கே மனசை வைங்கோ." மூச்சைக் கடைசியாகத்தான் சொல்கிறேன். மின்விசிறிச் சத்தம், வெளியே காக்கைச் சத்தம் இதைக் கவனிப்பவர்களும் உண்டு. அதுவும் சரிதான்.

நான்காவது தப்பு "நினைக்கப்படாது" என்றது. மனசு ஓடத்தான் செய்யும். காஸ் சிலிண்டர் வந்ததா, பிள்ளை போன் பண்ணுவானா என்று எங்கேயோ போகும். "போயிருக்குன்னு தெரிஞ்சுண்டா அதுவே போதும். திட்ட வேண்டாம். மெள்ளத் திரும்பி வரலாம்" என்கிறேன். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பலருக்கு முகம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். நமக்குத் தியானம் வரவே இல்லை என்ற குறையோடு எத்தனையோ வருஷம் இருந்தவர்கள் அவர்கள்.

நேரம் மூன்று நிமிஷம். பழகிய பிறகு ஐந்து. அதற்கு மேல் போவதில்லை. நடுவில் அதிகம் பேசக்கூடாது. ஆனால் முழுக்க மௌனமாகவும் விடக்கூடாது. நிமிஷத்துக்கு ஒரு வாக்கியமாவது என் குரல் கேட்க வேண்டும், துணைக்கு ஆள் இருக்கிறது என்று தெரிய. முடிக்கும்போது திடீரென்று மணி அடிப்பதில்லை. "இன்னும் ரெண்டு மூச்சு நேரத்தில முடிச்சுக்கலாம்" என்று சொல்லி, கை விரலை அசைத்து, அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

யாருக்காவது படபடப்பு வந்தால், மூச்சைப் பற்றியே பேசுவதில்லை. கண்ணைத் திறந்து, பார்க்கும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீர் கையில் கொடுக்கிறேன். அந்தக் குளிர்ச்சி கையில் படட்டும். மார்வலியோ நிஜமான மூச்சுத்திணறலோ என்றால் அது கவுன்சிலிங் விஷயமே இல்லை, உடனே டாக்டர்.

முடிந்த பிறகுதான் ஆரம்பம்

பயிற்சி முடிந்ததும் கேட்கும் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "அமைதியா இருந்ததா?" என்று கேட்டால் பதிலை நாமே வாயில் ஊட்டிவிட்டதாகும். இப்போது, "என்ன நடந்தது? எதை வேணும்னாலும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்" என்று மட்டும் கேட்கிறேன். "தூங்கிட்டேன்" என்பார் ஒருவர். "ஒண்ணும் தோணலை" என்பார் இன்னொருவர். "அழுகை வந்தது" என்பார் மற்றொருவர். எல்லாம் சரியான பதில்தான். சபாஷ் என்று ஒருவருக்குச் சொன்னால் மற்றவர்களுக்கு மார்க் குறைந்ததாக ஆகிவிடும். அதனால் "சரி, சொன்னதுக்கு சந்தோஷம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆசிரியைக்கு இது எவ்வளவு சிரமம் என்று இங்கே உள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அந்த மாமியின் கதைக்கு வருகிறேன். மூன்று மாதம் அவர் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நான்காவது மாதம் ஒருநாள் வந்து, "சும்மா உட்கார்ந்திருக்கலாமா?" என்று கேட்டார். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் தண்ணீர் டம்ளர். கண்ணை மூடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே நாலைந்து கூட்டம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை மழை. ஏழு பேர்தான் வந்திருந்தோம். மூன்று நிமிஷம் முடிந்து, என்ன நடந்தது என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த மாமிதான் ஆரம்பித்தார். இரண்டு ராத்திரியும் எண்ணிக்கொண்டிருந்ததைச் சொன்னார். "எண்ணினதுக்குப் பதிலா கையைப் பிடிச்சுண்டு இருந்திருக்கலாம். எண்ணிண்டே இருந்துட்டேன்" என்றார்.

ஆறுதல் சொல்ல என் வாய் திறந்தது. நல்லவேளை, அதற்கு முன்பு, படுக்கையில் இருக்கும் தாயாரைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் பேசினாள்: "நானும் எண்ணறேன் மாமி. தினம் ராத்திரி. அம்மாவோடத. யார்கிட்டேயும் சொன்னதில்லை. பைத்தியம்னு நினைச்சுப்பாளோன்னு."

மாமி அவளைப் பார்த்தார். எழுந்து போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை விடவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. அன்று என் பங்கு பேசாமல் இருந்தது மட்டும்தான். முதல் நாள் நான் பத்து நிமிஷம் பாடம் நடத்தியதில் கிடைக்காதது இதில் கிடைத்தது.

இன்றுவரை அந்த மாமி மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைச் செய்ததில்லை. உள்ளங்கால் தரையில் படுவதைத்தான் கவனிக்கிறார். திரும்பி வந்த பிறகு ஒரு கூட்டத்தைக்கூட விட்டதில்லை.

சில எச்சரிக்கைகள்

ஊர்களில் இதை ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை.

எட்டிலிருந்து பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். சேருவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். உடம்பு எப்படி, சமீபத்தில் துக்கம் உண்டா, மூச்சைப் பற்றிப் பயம் உண்டா என்று கேளுங்கள். அன்று நான் அந்த மாமியிடம் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது. நம்மவர்களிடம் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் யாரோ யாரிடமோ "அவா பாவம், அன்னிக்கு அழுதாளாம்" என்று சொல்லிவிட்டால் குழு அன்றோடு தீர்ந்தது.

ஜூம் மூலம் நடத்துபவர்கள் இன்னும் சிறிய குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் முகம்தான் தெரியும், கை நடுங்குவது தெரியாது. ஒவ்வொருவர் தொலைபேசி எண்ணும், அவர் வீட்டில் உடன் இருப்பவர் எண்ணும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, முக்கியமானது. நம்மால் முடியாதது எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடும் தூக்கமும் போய், உயிரோடு இருந்து என்ன என்று ஒருவர் பேசினால், அது மூன்று நிமிஷப் பயிற்சிக்கு அடங்காது. அவரைத் தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை நடக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். இதை உங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுங்கள். பூஜை அறைக் காலண்டரில் குறித்து வைத்தாலும் தப்பில்லை.

நீண்ட நேரம் பேசிவிட்டேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் உறுப்பினர்கள் இந்தச் சபையில் நிறைய இருக்கிறீர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் இந்தப் பத்திரிகையைப் படிப்பீர்கள். அப்பா, அம்மாவுக்கு யோகா வீடியோ அனுப்புகிறீர்கள், நல்லதுதான். அடுத்த தடவை போன் செய்யும்போது, "மூச்சுப் பயிற்சி பண்றியாம்மா?" என்று கேட்பதற்கு முன், "ராத்திரி என்ன பண்ணிண்டு இருப்பே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் எத்தனை பேரோ.